வரிக்கு முன்னால் நான்கு காலியிடம்

எங்கள் ஆலையில் எந்த மெஷினுக்கு முன்னால் போய் நின்றாலும் கண் மட்டத்தில் ஒரு தாள் தொங்கும். லேமினேட் செய்து, மேலே இரண்டு ஓட்டை போட்டு, கம்பியில் கட்டியிருப்பார்கள். அந்த மெஷினில் வேலையை எப்படித் தொடங்குவது, எதைத் தொடக் கூடாது, பொருள் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அதில் தமிழில் இருக்கும். எஸ்.ஓ.பி. தாள் என்போம். ஆறு வருடம் அந்தத் தாள்கள் அத்தனையையும் எழுதியவள் நான்.

ஒரகடத்தில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஆலை அது. பி.ஏ. தமிழும் டைப்பிங் ஹையரும் முடித்திருந்த எனக்கு 2008இல் அங்கே வேலை கிடைத்தது. டாக்குமென்ட் கன்ட்ரோல் என்று பிரிவுக்குப் பெயர். பிரிவில் ஆள் நான் ஒருத்திதான். வடக்குப்பட்டில் வீடு என்பதால் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கேட் வந்துவிடும்.

அந்தத் தாள்கள் என் பெருமை. தலைப்புக்குக் கருநீலப் பட்டை. ஒவ்வொரு படிக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் எண். எச்சரிக்கை என்றால் சிவப்புக் கட்டம். எல்லாவற்றையும் கையால் இழுத்து இழுத்துப் பொருத்துவேன். நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், வட்டம் ஒரு பக்கம் போகும், கட்டம் அடுத்த பக்கத்துக்குத் தாவும். திரும்ப உட்கார்ந்து அரை நாள் சரி செய்வேன். எனக்கு அது சலிக்கவில்லை. வெளியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் தாளின் முன் நின்று பார்ப்பார்கள். "யார் பண்ணது?" என்று கேட்பார்கள். எங்கள் குவாலிட்டி மேனேஜர் என் பக்கம் கையைக் காட்டுவார். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் அந்தக் கை காட்டலுக்காக மற்ற நாட்களில் உழைத்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

2013 கடைசியில் தாள்களை எடுத்துவிட்டு மெஷினுக்கு ஒரு சின்னத் திரை வைத்தார்கள். என் தாள்களை அப்படியே படமாக அதில் ஏற்றினார்கள். எழுத்து எறும்பு மாதிரித் தெரிந்தது. பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போனது. மெஷின்கள் ஓடும் லைனில் இருந்தவர்களிடமிருந்து புகார் வந்தது. அப்போதுதான் தாள்களைத் திரைக்கு ஏற்றபடி மாற்றித் தர அவளை ஒரு வருட கான்ட்ராக்டில் எடுத்தார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இருபத்து மூன்று வயது இருக்கும். வாலாஜாபாத்தில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பஸ் வாலாஜாபாத்திலிருந்துதான் கிளம்பும். அவள் வந்த முதல் நாள் நான் வடக்குப்பட்டில் ஏறியபோது, ஆறு வருடமாக நான் உட்காரும் ஜன்னலோர சீட்டில் அவள் இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்க எடமாக்கா? நான் மாறிக்கிடுதேன்" என்று உடனே எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அன்று முதல் அந்த சீட்டில் நான் உட்காரவே இல்லை. அவள் தினமும் அதைக் காலியாகவே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு என் அறையிலேயே மேசை போட்டார்கள். மூன்றாம் வாரம் என்னைக் கூப்பிட்டு ஒரு பேஜைக் காட்டினாள். பிரௌசரில் திறந்திருந்தது. இடது பக்கம் வெறும் கட்டம், அதில் எழுத வேண்டும். வலது பக்கம் அது எப்படித் தெரியும் என்று காட்டும்.

"வரிக்கு முன்னால ஒரு ஹாஷ் போடுங்க."

போட்டுத் தலைப்பை எழுதினேன். வலது பக்கம் கருநீலப் பட்டையில் தலைப்பு வந்து நின்றது.

"இப்போ ஒண்ணு, புள்ளி, அப்பறம் எழுதுங்க."

வட்டத்துக்குள் எண்ணோடு முதல் படி வந்தது. அடுத்ததை எழுதினேன், இரண்டாவது வட்டம் தானாக வந்தது. நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தேன். எதுவும் அசையவில்லை. அந்தப் படி மட்டும் ஒரு வரி கீழே இறங்கிக்கொண்டது. வரிக்கு முன்னால் > என்று கூர் அடையாளம் ஒன்று போட்டால் எச்சரிக்கைக் கட்டம், சிவப்பு விளிம்போடு.

"இந்த அடையாளமெல்லாம் உலகம் பூரா இருக்கதுதான்க்கா, மார்க்டவுன்னு பேரு. ஆனா சும்மா விட்டா கறுப்பு வெள்ளையா வரும். அதான் தலைப்புக்கு ஒரு கம்பொனென்ட், படிக்கு ஒண்ணு, எச்சரிக்கைக்கு ஒண்ணுன்னு செஞ்சு வச்சேன். உங்க ரப்பர் மோல்டு மாதிரின்னு வச்சுக்கிடுங்க. நீங்க எழுத்த ஊத்துனா அது அது உருவத்துல வந்து விழும்."

"கலர்லாம்?"

"உங்க தாளப் பாத்துத்தான் போட்டேன். அவ்வளவு அழகா இருந்துச்சு."

அவள் மனதாரத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. அரை நாள் உட்கார்ந்து நான் செய்வதை மூன்று வாரத்தில் யார் வேண்டுமானாலும் செய்யும்படி ஆக்கிவிட்டாள். அதையும் என் நீலத்தை வைத்தே செய்திருந்தாள்.

அதோடு முடியவில்லை. என் பழைய தாள்களிலிருந்து எழுத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்தது. ஆறு வருடமும் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தேன். அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். பிரௌசருக்கு யூனிகோட் வேண்டும். மாற்றித் தரும் கருவி ஒன்றில் போட்டுப் பார்த்தாள், பாதிக்குப் பாதி பிழை. கடைசியில் நூற்றுச் சொச்சம் தாளையும் நானே முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்று முடிவானது. அவளும் பங்கு போட்டுக்கொள்ள வந்தாள். "வேணாம், நானே பண்றேன்" என்றேன். என் வரிகளில் அவள் கை படுவதை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்காது.

முதல் பத்துத் திரைகள் லைனில் ஓடத் தொடங்கியதும் ஒரு நாள் பார்க்கப் போனேன். ரப்பரின் பிசிறு வெட்டும் ட்ரிம்மிங்கில் ஐந்து வருடமாக இருக்கும் ஒரு உள்ளூர்ப் பெண் திரையைக் காட்டிச் சொன்னாள்: "இப்பதான்கா தெளிவா புரியுது, இன்னா பண்ணணும்னு. அந்தப் பொண்ணு சூப்பரா பண்ணிகீது."

"இதே வரிதானே தாள்லயும் இருந்துச்சு?"

"அப்படியா? நான் அதப் படிச்சதே இல்லக்கா."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஐந்து வருடம் அவள் முகத்துக்கு நேராகத் தொங்கிய தாள். ஒரு எழுத்துகூட மாறவில்லை, நான்தான் அடித்தேன். பாராட்டு மட்டும் கட்டம் போட்டவளுக்குப் போயிற்று.

வீட்டில் புலம்பினேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "உனக்கு இன்னா போச்சு? வேலை கம்மியாச்சா இல்லியா?" ஆகியிருந்தது. அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒரு சின்ன சந்தோஷம் கிடைத்தது. எச்சரிக்கைக் கட்டத்தில் "கூ", "ளு", "மூ" மாதிரி எழுத்துகளின் கீழ்ச்சுழி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. அவள் வரிகளின் உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து வைத்திருந்தாள். தமிழுக்குக் கீழேயும் இடம் வேண்டும். முதல் நாளே பார்த்துவிட்டேன். அடுத்த மேசையில்தான் அவள் இருந்தாள், ஆனாலும் சொல்லவில்லை. இரண்டு வாரம் வைத்திருந்து, மேனேஜரும் லைன் சூப்பர்வைசர்களும் இருந்த மீட்டிங்கில் எடுத்து விட்டேன். "தமிழ் எழுத்து கால் ஒடஞ்சு நிக்குது சார். படிக்கறவங்களுக்குக் கஷ்டம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் திரையருகே போய்க் குனிந்து பார்த்தாள். "ஆமா சார், நான் கவனிக்கவே இல்ல. அக்காவுக்குத்தான் அந்தக் கண்ணு இருக்கு" என்றாள். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். மீட்டிங் முடிவதற்குள் எல்லாத் திரைகளிலும் எழுத்துகள் முழுசாக நின்றன. மேனேஜர், "இதான் வேகம்" என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அந்த நான்கு காலியிடத்தை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஒரு வரிக்கு முன்னால் ஸ்பேஸ் நான்கு தடவை விழுந்துவிட்டது. வலது பக்கம் அந்த வரி சாம்பல் நிறப் பெட்டிக்குள் போய், டைப்ரைட்டர் எழுத்து மாதிரி வேறு உருவில் நின்றது. கட்டமும் இல்லை, வட்டமும் இல்லை. கம்ப்யூட்டர் ஆட்கள் தங்கள் புரோகிராம் வரிகளைக் காட்ட வைத்திருக்கும் முறையாம் அது. அவள் அதற்கு எந்த உருவமும் செய்து வைக்கவில்லை, எங்களுக்குத் தேவைப்படாது என்று விட்டிருந்தாள். ஸ்பேஸை அழித்ததும் வரி சரியானது. விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் ஆட்கள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். மேனேஜர் அவளை முன்னால் நிறுத்தி அந்தப் பேஜைக் காட்டச் சொன்னார். என்னை டீ ஏற்பாட்டைப் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அவள் என் எழுத்தைத் திரையில் ஓட விட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் கை தட்டினார். அவள் என்னைப் பார்த்து, "எழுதறது எல்லாம் அக்காதான்" என்றாள். அவர்கள் என் கையில் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

மறுநாள் நான்காம் நம்பர் பிரஸ்ஸுக்கான தாளை அடித்தேன். சூடான இரும்பு மோல்டில் ரப்பரை அழுத்தும் மெஷின் அது. அதில் நான் முன்பே எழுதி வைத்திருந்த எச்சரிக்கை ஒன்று உண்டு: "மோல்டு ஆறிவிட்டது, கையுறை இல்லாமல் தொடலாம் என்று எண்ண வேண்டாம்." வெறும் "தொடாதே" என்பதைவிட இப்படி எழுதினால் ஆளின் மனதில் ஓடுவதையே பிடித்து நிறுத்தலாம் என்று யோசித்து எழுதிய வரி. முதலில் கூர் அடையாளத்தோடு அடித்துச் சேமித்தேன். பிறகு அந்த அடையாளத்தை அழித்தேன். ஸ்பேஸை நான்கு தடவை தட்டினேன். வலது பக்கம் சாம்பல் பெட்டி வந்தது. அசிங்கமாக இருந்தது. யாராவது பார்த்து, "இன்னா இது, பேஜ் ஒழுங்கா வேலை செய்யல" என்று சொல்லட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

என் கம்ப்யூட்டரின் அகலமான திரையில் அந்த வரி முழுதாகத் தெரிந்தது. சாம்பல் பெட்டிக்குள் போகும் வரி மடியாது, ஒரே நீளமாக ஓடும் என்பதை நான் யோசிக்கவில்லை. பிரஸ்ஸில் இருந்தது சின்னத் திரை. "மோல்டு ஆறிவிட்டது, கையுறை இல்லாமல் தொடலாம்" என்பதோடு வரி முடிந்தது. மீதி திரைக்கு வெளியே இருந்தது.

அடுத்த நாள் காலை, வேலைக்குச் சேர்ந்து நான்கு நாளான பெண் ஒருத்தி, ராமநாதபுரத்திலிருந்து வந்தவள், அதைப் படித்துவிட்டுக் கையுறையைக் கழற்றி மோல்டில் ஒட்டியிருந்த பிசிறை எடுக்கப் போனாள். இரண்டு விரல் நுனிகள் வெந்து கொப்புளித்தன.

எனக்குத் தகவல் வந்தபோது மணி பதினொன்று. சூப்பர்வைசர் திரையைப் போட்டோ எடுத்து வந்து மேனேஜர் மேசையில் வைத்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். போட்டோவைப் பார்த்தேன். நான் எழுதிய வரிதான், நேர் எதிராக நின்றது.

"எப்படி இது?" என்று மேனேஜர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "என் தப்பு சார். வரிக்கு முன்னால காலியிடம் விழுந்தா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். அத நான் தடுத்திருக்கணும். வரி மடியுத மாதிரியாவது வச்சிருக்கணும். செய்யல."

"டைப் பண்ணது யாரு?"

"யார் பண்ணுனாலும் விழுகத்தான் செய்யும் சார். பேஜுதான் பாத்துக்கிடணும்."

மேனேஜர் அவளைக் கால் மணி நேரம் திட்டினார். தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். நான்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. பயம் இருந்தது, உண்மை. அதோடு இன்னொன்றும் இருந்தது, இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்தத் திட்டு என் காதுக்கு இனித்தது.

அறைக்குத் திரும்பியதும் அவள் பேஜின் புரோகிராமைத் திறந்து வேலையைத் தொடங்கினாள். அந்தப் பேஜ் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் யார், எப்போது, என்ன அடித்தார் என்று தனியாக எடுத்து வைக்கும். அவள் அதைத் திறந்ததை என் மேசையிலிருந்து பார்த்தேன். நான் முதலில் கூர் அடையாளத்தோடு அடித்தது, பிறகு அதை அழித்துவிட்டு ஸ்பேஸ் தட்டியது, இரண்டும் அதில் இருக்கும். நடுவில் ஒரு தடவை சேமித்திருந்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நானே பக்கத்தில் போய்க் கேட்டேன். "பாத்தல்ல?"

"பாத்தேன்க்கா. தெரியாம விழுந்திருக்கும்."

"தெரியாம விழல."

அவள் ரோட்டைப் பார்த்தாள். கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்?"

"எனக்குப் பொறாமை."

"எம் மேலயா?" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "எனக்கு ஒரு வரி தமிழ்ல ஒழுங்கா எழுத வராது. உங்க தாள வச்சுத்தான் நான் எல்லாத்தையும் செஞ்சேன். நீங்க இத எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம். தெரியாம விழுந்துச்சுன்னே நான் நம்பியிருப்பேன்."

பஸ் வந்தது. அவள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வேண்டுமென்றே செய்தேன் என்பதையும் சொன்னேன். "ரிப்போர்ட் நேத்தே மேல போயிடுச்சு. சாஃப்ட்வேர் குறைன்னு எழுதிட்டேன். இப்ப மாத்தினா எனக்குத்தான் கேள்வி வரும். நீங்க சொன்னத நான் கேக்கல. போங்க" என்றார். எனக்கு அன்று தண்டனை கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை.

விரல் வெந்த பெண்ணை அவள் தங்கியிருந்த சேரப்பணஞ்சேரி ஹாஸ்டலில் போய்ப் பார்த்தேன். கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வரியை எழுதியது நான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். முழுதாகச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"படிச்சுட்டுத்தான் செஞ்சேன் அக்கா" என்றாள். யாரோ அவளை அவசரக்காரி என்று திட்டியிருக்க வேண்டும், அதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். "எல்லாரும் திரையில படிக்காம சும்மா ஓகே தட்டிட்டுப் போவாக. நான் முழுசாப் படிச்சேன்."

நான் எழுதியதை முழுதாகப் படித்ததாக என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான். வாங்கிப் போயிருந்த ஆப்பிளைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் அவள் வேலைக்குத் திரும்பினாள். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் தோல் மட்டும் வேறு நிறமாக இருந்தது.

எங்கள் அறையில் அதற்குப் பிறகு சத்தம் குறைந்துபோயிற்று. அவள் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அக்கா போய் மேடம் வந்தது. "மேடம், ஏழாம் நம்பர் தாள் ரெடியா?" என்பாள். நான் அடித்த ஒவ்வொரு தாளையும் லைனுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை திறந்து பார்த்தாள், எனக்குத் தெரியும்படியே பார்த்தாள். அதில் நியாயம் இருந்தது. வரிக்கு முன் காலியிடம் விட்டால் பேஜே அதை அழித்துவிடும்படி செய்தாள். எச்சரிக்கை வரி எந்தத் திரையிலும் மடிந்து முழுதாகத் தெரியும்படி செய்தாள். அந்தக் கட்டம் முன்னைவிட அழகாக வந்தது. பார்த்தபோது எனக்கு மறுபடியும் எரிந்தது. இவ்வளவு நடந்த பிறகும் அது போகவில்லை.

2015 தொடக்கத்தில் அவள் கான்ட்ராக்ட் முடிந்தது. நீட்டிக்கவில்லை. பழைய ரிப்போர்ட் ஒரு காரணம் என்று கேள்விப்பட்டேன். மறுபடி மேனேஜரிடம் போனேன். "அந்தப் பொண்ணே சென்னையில வேற வேலை பாத்துடுச்சு, விடுங்க" என்றார். போகும் நாளில் பேஜை எப்படிப் பராமரிப்பது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். எந்தக் கோப்பில் நிறம் இருக்கிறது, எதில் எழுத்தின் அளவு இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டினாள். நான் குறித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டேன்.

"சரி மேடம்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அவள் போன பிறகு அந்தப் பேஜ் என் பொறுப்பானது. மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். ஒரு வருடத்தில், அட்டவணைக்குக் கோடு போட்ட மாதிரி ஒரு உருவத்தை நானே செய்யும் அளவுக்கு வந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள், "இந்தப் பேஜ் நீங்க பண்ணதா மேடம்?" என்று கேட்பார்கள். இல்லை, முன்னால் இங்கே இருந்த ஒரு பெண் செய்தது என்று சொல்லிவிடுவேன்.

ஒரு ஆடிட்டில் வந்த அம்மாள் திரைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தாளாக இருந்த காலத்தில் ஆட்கள் நின்றதுபோலவே நின்றார். "ரொம்ப நல்லாருக்கு. யார் பண்ணாங்க?" என்று கேட்டார். மேனேஜர் ஊரில் இல்லை. பக்கத்தில் பழைய ஆட்கள் யாரும் இல்லை.

"நான்தான்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார். நானும் கூடவே நடந்தேன். அதற்குப் பிறகும் அந்த அம்மாள் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார், நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். என்ன கேட்டார், என்ன சொன்னேன் என்பது ஒன்றும் நினைவில் இல்லை.